ஆஃப்செட் எடுக்கத் தெரியலைன்னா அது அந்தப் பையனோட தப்பு இல்லைங்க

கோயம்புத்தூர் கணபதி பக்கம் ஒரு சின்ன சிஎன்சி (கம்ப்யூட்டர் ஓட்டற மெஷின்) பட்டறையில, மெஷினயும் டூலயும் வேலைக்குத் தயார் பண்ணிக் குடுக்கற செட்டரா இருக்கேன். போன மாசம் ஐடிஐல டர்னர், அதாவது கடைசல் வேலை படிச்சு முடிச்ச தம்பி ஒருத்தன் புதுசா வந்தான். மெஷினுக்குக் குடுக்கற கட்டளைங்க, ஜி கோடு எம் கோடு எல்லாம் கேட்டா கடகடன்னு சொல்றான், மைக்ரோமீட்டர் புடிக்கிற கை அவ்வளவு சுத்தம், ஆனா புது டூல மாட்டி ஆஃப்செட் எடுன்னா, அதாவது டூல் முனை எங்க இருக்குன்னு அளந்து மெஷினுக்குச் சொல்லுன்னா, அப்படியே நிக்கிறான். படிச்ச எடத்துல இருபது பேருக்கு ஒரு மெஷின், சார் செஞ்சு காமிச்சத தள்ளி நின்னு பாத்ததோட சரியாம்.

பக்கத்துல நின்னு சொன்னேன். பீஸோட வெளி டயால (விட்டத்துல) லேசா ஒரு வெட்டு எடு, எக்ஸ (குறுக்கு வாக்க) அசைக்காம இசட்ல (நீள வாக்குல) மட்டும் வெளிய வா, பீஸ சுத்தற ஸ்பிண்டில நிறுத்து, அளந்து பாரு. 24.86 மில்லிமீட்டர் வந்துச்சு. அத ஆஃப்செட் பேஜ்ல எக்ஸ்ல அடிச்சு மெஷர் அமுக்குன்னேன். "இவ்வளவுதானுங்களாண்ணா?"ன்னான். பத்து நிமிஷம்கூட ஆகல, இத ரெண்டு வருஷத்துல ஒரு தடவைகூட அவன் கையால செய்ய விடலைங்கறத நெனச்சா மனசு கஷ்டமாத்தான் இருந்துச்சு.

வாத்தியாருங்கள குறை சொல்ல மாட்டேன். பட்டறைக்காரங்க நாம எத்தன பேரு ஐடிஐ பக்கம் போயி எங்களுக்கு இது தெரிஞ்ச ஆளு வேணும்னு சொல்லிருக்கோம்? இத்தனைக்கும் வழி இருக்கு. 2016லயே டிஎஸ்டின்னு இரட்டைப் பயிற்சி முறை கொண்டு வந்தாங்க, தியரியும் அடிப்படையும் ஐடிஐல, மீதி கம்பெனியில, ரெண்டு வருஷ ட்ரேடுன்னா 6ல இருந்து 12 மாசம் வரைக்கும் பையன் கம்பெனியில நின்னு கத்துக்கலாம். அப்ரன்டிஸ் எடுத்தா அவனுக்குக் கம்பெனி தர்ற உதவித்தொகையில 25 சதவீதம், மாசம் 1,500 ரூபாய் வரைக்கும் மத்திய அரசு குடுக்குது. தமிழ்நாட்டுல டாட்டா டெக்னாலஜிஸோட சேந்து 71 அரசு ஐடிஐல ரோபோ, சிஎன்சின்னு புது மெஷின் எறக்கற திட்டமும் வந்துச்சு, அத மனசார வரவேற்கிறேன். ஆனா சாயந்தரம் அஞ்சு மணிக்குள்ள நூறு பீஸ் போயாகணும், ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆனாலும் நம்ம தலைலதான்ங்கற அந்த பொறுப்பு பட்டறையிலதான் வரும்.

நம்ம ஊருக்கு இது புதுசும் இல்லைங்க, பம்பும் மோட்டாரும் செய்யற எடத்துலயே பசங்கள வச்சு தொழில் கத்துக்குடுத்த பிஎஸ்ஜி இங்கதான இருக்கு.

கம்பெனிக்காரங்க சொல்றது, கத்துக்குடுத்தா அவன் வேற எடத்துக்குப் போயிருவான்னு. போவான்தான். பக்கத்து பட்டறைக்காரரும் ஒருத்தனுக்கு கத்துக்குடுத்தா அவன் இங்க வருவான். அத விட மோசம் அப்ரன்டிஸ்னு எடுத்துட்டு வேலையே சொல்லித் தராம இருக்கறது. நான் அப்ரன்டிஸா இருந்த கம்பெனியில எட்டு மாசம் பேக்கிங்லயே நின்னேன், அட்டப்பெட்டிக்கு டேப் ஒட்டினேன், மெஷின் கிட்ட போனா "உன் எடத்துக்குப் போ"ன்னு வெரட்டுவாங்க. சர்டிபிகேட் வந்துச்சு, தொழில் வரல. அதுக்கப்புறம் இந்த பட்டறைக்கு வந்து ஒரு பெரியண்ணன் கிட்ட நின்னுதான் கத்துக்கிட்டேன்.

ஜெர்மனியில தொழில் பரிட்சை நடத்தற குழுவுல முதலாளிங்க சைடு, தொழிலாளிங்க சைடு, வாத்தியார் மூணு பேரும் உக்காருவாங்க. இங்கயும் ட்ரேட் டெஸ்டுக்கு பட்டறையில இருந்து ஒரு செட்டர கூப்பிட்டு ஒக்கார வைங்க, ஒரு நாள் லீவு போட்டாவது வர்றேன்.

எங்க ஓனர்கிட்ட பேசிருக்கேன். பக்கத்து ஐடிஐ டர்னர் சார் வர்ற சனிக்கிழம பட்டறைய பாக்க வர்றாரு. முதல்ல ரெண்டு பசங்கள எடுக்கலாம்னு ஓனர் ஒத்துக்கிட்டாரு, ஆனா பேக்கிங்ல நிக்க வைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன், மொத நாளே மெஷின்லதான்.