ரீட்-ஸ்டெர்ன்பெர்க் செல் எங்கே பிறந்தது?

லிம்போமா, அதாவது நிணநீர் அணுக்களின் புற்றுநோய், ரிப்போர்ட்டில் சிடி3 நெகட்டிவ், சிடி20 நெகட்டிவ், சிடி30 பாசிட்டிவ், சிடி15 பாசிட்டிவ், பேக்ஸ்5 மங்கலான பாசிட்டிவ் என்று வரிசையாகப் போய், கடைசியில் 'கிளாசிக்கல் ஹாட்ஜ்கின் லிம்போமா' என்று முடிந்திருக்கும். பேத்தாலஜியில் வேலை பார்ப்பதால் தெரிந்தவர்கள் இதை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "இத்தனை நெகட்டிவ் இருக்கே, அப்போ நல்லதுதானே?" என்று கேட்பார்கள். சிடி3, பேக்ஸ்5 என்பதெல்லாம் புரதங்களின் பெயர்கள். அந்தப் புரதம் செல்லில் இருக்கிறதா இல்லையா, அவ்வளவுதான் பாசிட்டிவும் நெகட்டிவும். இருப்பதையும் இல்லாததையும் சேர்த்துப் படித்துத்தான் புற்றுச் செல் எந்த வம்சத்தில் பிறந்தது என்று சொல்கிறோம்.

செய்முறை எளிது. பயாப்ஸி திசுவைப் பாரஃபின் மெழுகில் பிளாக்காக்கி மெல்லிசாகச் சீவி, ஸ்லைடில் ஏற்றி, ஒரு குறிப்பிட்ட புரதத்தில் மட்டும் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடியை ஊற்றுகிறோம். புரதம் இருந்தால் அந்த இடம் பழுப்பாகும். சிடி20 என்றால் பொதுவாக பி செல், சிடி3 என்றால் டி செல், இரண்டும் வெள்ளை அணு வகைகள். 1975இல் கோஹ்லரும் மில்ஸ்டீனும் ஒரே மாதிரி ஆன்டிபாடியை வேண்டிய அளவு தயாரிக்கும் வழியைக் கண்டுபிடித்த பிறகுதான் இதெல்லாம் அன்றாட வேலையானது.

ஆனால் இந்த முறைக்கே தண்ணி காட்டிய செல் ஒன்று உண்டு. ஹாட்ஜ்கின் நோயில் தெரியும் ரீட்-ஸ்டெர்ன்பெர்க் செல். தாமஸ் ஹாட்ஜ்கின் இந்த நோயை எழுதியது 1832இல். 1898இல் வியன்னாவில் ஸ்டெர்ன்பெர்க் அந்தப் பெரிய செல்லை விவரித்தார், ஆனால் நோயை டிபியின் ஒரு வகை என்று நினைத்தார். 1902இல் டோரதி ரீட், இது டிபி இல்லை, வேறு நோய் என்று பிரித்துக் காட்டினார். சரி, அப்படியென்றால் அந்தச் செல் எங்கிருந்து வந்தது? அதற்கு அப்புறமும் தொண்ணூறு வருடத்துக்கு மேல் ஆனது.

மார்க்கர்கள், அதாவது இந்த அடையாளப் புரதங்கள், வந்ததும் குழப்பம் கூடத்தான் செய்தது. 1982இல் ஜெர்மனியின் கீல் நகரத்தில் ஹரால்ட் ஸ்டைன் குழு கேஐ-1 என்ற ஆன்டிபாடியைத் தயாரித்தது. அது பிடிக்கும் புரதம்தான் இன்றைய சிடி30. அந்தச் செல்லில் அழகாக ஒட்டியது, ஆனால் பிறப்பைச் சொல்லவில்லை, ஏனென்றால் தூண்டப்பட்ட பி செல்லிலும் வரும், டி செல்லிலும் வரும். சிடி15 வழக்கமாக கிரானுலோசைட் என்ற இன்னொரு வெள்ளை அணுவில் காணும் குறி, அதனால் இது ரத்த அணுக்களின் வேறு கிளையோ, கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜோ என்றெல்லாம் சந்தேகம். பி செல்லின் சொந்தப் புரதங்கள் பெரும்பாலும் காணோம், பி செல் தயாரிக்கும் ஆன்டிபாடியான இம்யூனோகுளோபுலினும் காணோம். கட்டி முழுவதையும் அரைத்து ஜீனைப் பார்க்கலாம் என்றால், அதில் புற்றுச் செல் பெரும்பாலும் நூற்றில் ஒன்றிரண்டுகூடத் தேறாது, மீதியெல்லாம் கூடிவந்த சாதாரண அணுக்கள்.

1994இலும் அதற்குப் பின்னும் ஜெர்மனியின் கொலோன் நகரத்து குப்பர்ஸ், ராயெவ்ஸ்கி, அவர்களோடு ஹான்ஸ்மன் ஆகியோர் செய்ததை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும். சிடி30 சாயம் ஏறிய செல்களை ஸ்லைடிலிருந்து ஒவ்வொன்றாகப் பெயர்த்தெடுத்து, அந்த ஒற்றைச் செல்லின் டிஎன்ஏவை பிசிஆரில் பெருக்கிப் பார்த்தார்கள். இம்யூனோகுளோபுலின் ஜீன் வெட்டி ஒட்டப்பட்டிருந்தது, பி செல் வளரும்போது செய்யும் வேலை அது, அதாவது இது பி செல். நிணநீர் முடிச்சுக்குள் பி செல்கள் அந்த ஜீனைத் திருத்தும் இடமான ஜெர்மினல் சென்டரைத் தொட்டு வந்ததற்கான மாற்றங்களும் இருந்தன. சில நோயாளிகளில் அந்த ஜீன் உருப்படியாக ஒரு புரதத்தைச் செய்ய முடியாத அளவுக்குச் சிதைந்திருந்தது. இயல்பாக அங்கேயே செத்திருக்க வேண்டிய செல், எப்படியோ தப்பி, பி செல்லின் சொந்தப் புரதங்களை ஒவ்வொன்றாகக் கைவிட்டு வாழ்ந்திருக்கிறது. பிறப்பைச் சொல்லாத சிடி30தான் பிறப்பைக் கண்டுபிடிக்க எந்தச் செல்லை எடுப்பது என்று காட்டியது, பின்னால் 2011இல் அதே புரதத்தைக் குறிவைக்கும் பிரென்டுக்ஸிமாப் மருந்துக்கும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

இப்போது ரிப்போர்ட்டில் வரும் அந்த 'மங்கலான பேக்ஸ்5' என்ன என்று புரியும். பி செல் வம்சத்தின் மிச்சம் அது. பக்கத்தில் இருக்கும் சாதாரண பி செல்லில் பளிச்சென்று இருக்கும், புற்றுச் செல்லில் லேசாக. அந்த லேசான நிறத்தைக் கவனமாகப் பார்க்காமல் ஹாட்ஜ்கின் என்று எழுத நான் துணிய மாட்டேன், அனாபிளாஸ்டிக் லார்ஜ் செல் லிம்போமாவும் சிடி30 பாசிட்டிவ்தான், ஆனால் அது டி செல் வம்சம், அதில் பேக்ஸ்5 பொதுவாக வராது.

ஒற்றை மார்க்கரை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இதுதான் காரணம். சிடி10, பிசிஎல்6 இரண்டும் ஜெர்மினல் சென்டர் பி செல்லின் குறி என்று படிக்கிறோம், ஆனால் ஆஞ்சியோஇம்யூனோபிளாஸ்டிக் லிம்போமாவின் டி செல்லிலும் அவை வரும், ஏனென்றால் அது அதே சென்டரில் பி செல்லுக்கு உதவும் டி செல்லிலிருந்து பிறந்தது. டிஃப்யூஸ் லார்ஜ் பி செல் லிம்போமா ஜெர்மினல் சென்டர் வகையா இல்லையா என்று பிரிக்க 2004இல் வந்த ஹான்ஸ் முறையும் சிடி10, பிசிஎல்6, எம்யூஎம்1 என்ற மூன்றையும் வரிசையாகப் பார்க்கச் சொல்கிறது, அப்படியும் ஜீன் பரிசோதனையோடு எல்லா நேரமும் ஒத்துப்போவதில்லை.

இத்தனையையும் பார்க்கத் திசு வேண்டும். நம் ஊரில் கழுத்தில் நெறி கட்டினால் முதலில் டிபி சந்தேகம் வருவது நியாயம்தான், டிபி இங்கே அதிகம். ஆனால் பயாப்ஸியே எடுக்காமல் டிபி மாத்திரை ஆரம்பித்து, கட்டி குறையாமல் மாதக்கணக்கில் ஓடிய பிறகு எங்களிடம் வரும் ஹாட்ஜ்கின் கேஸ்களைப் பார்க்கும்போது மனசு கொதிக்கிறது. ஊசியால் உறிஞ்சி எடுத்தால் அந்த நூற்றில் ஒரு செல் மாட்டாமலே போகலாம். முடிந்தால் முடிச்சை முழுசாக எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்கப் போகும்போது ரிப்போர்ட்டோடு ஸ்லைடையும் பாரஃபின் பிளாக்கையும் லேபில் கேட்டு வாங்கிப் போங்கள், பிளாக் இருந்தால்தான் விட்டுப்போன மார்க்கரைத் திரும்பப் போட்டுப் பார்க்க முடியும்.