சையித் சயீத் பாடத்தை நான் படிச்ச விதம்

எம்.ஏ. ஹிஸ்டரில இந்தியப் பெருங்கடல் வணிகம் எடுத்தவங்களுக்கு ஓமானையும் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையோரத் தீவான சான்சிபாரையும் 19ம் நூற்றாண்டுல ஆண்ட சையித் சயீத் பத்தின பகுதி கண்டிப்பா வரும், நிறைய பேர் இத ஒப்பிச்சிட்டுப் போய் பரீட்சைல குழப்பிக்கிறாங்க, அதான் நான் படிச்ச முறைய எழுதுறேன்.

முதல்ல பேர சரி பண்ணிக்கோங்க. சயீத் பின் சுல்தான்ல இருக்கிற சுல்தான் அவரோட அப்பா பேரு, பட்டம் இல்ல. அவர் வச்சிக்கிட்ட பட்டம் சையித். பிரிட்டிஷ்காரங்க ஆவணத்துல மஸ்கட் இமாம்னு எழுதியிருப்பாங்க, ஆனா இமாம்ங்கிறது இபாழிங்கிற ஓமானி முஸ்லிம் பிரிவினர் தேர்ந்தெடுக்கிற மதத் தலைமை, அவரோட தாத்தா அகமது பின் சயீதுக்கு அது கிடைச்சுது, இவர யாரும் அப்படித் தேர்ந்தெடுக்கல. சுல்தான்ங்கிற பட்டம் இவருக்குப் பின்னாடி வந்தவங்களுக்குத்தான் நிலைச்சது. இத ரெண்டு வரில எழுதினாலே பேப்பர் திருத்துறவங்களுக்கு நீங்க புரிஞ்சு படிச்சிருக்கீங்கன்னு தெரிஞ்சிடும்.

அடுத்து, அடிமை வணிகத்தக் கட்டுப்படுத்த அவர் பிரிட்டிஷாரோட போட்ட ஒப்பந்தங்கள். வருஷத்த மட்டும் மனப்பாடம் பண்ணாதீங்க, ஒவ்வொண்ணுலயும் யாரு, யாருக்கு, எந்த எல்லைக்குள்ள விக்கக்கூடாதுன்னு கேளுங்க. 1822 மோர்ஸ்பி ஒப்பந்தத்துல கிறிஸ்தவ நாட்டுக்காரங்களுக்கு அடிமைகள விக்கக்கூடாதுன்னு தடை, கிழக்கு ஆப்பிரிக்கக் கரைல இருக்கிற டெல்காடோ முனைலருந்து நம்ம குஜராத் பக்கத்து டையூ வரைக்கும் ஒரு கோடு, அதுக்குக் கிழக்க அடிமைகளோட மாட்டுற கப்பல பிரிட்டிஷார் பிடிக்கலாம். மேப்ல அந்தக் கோட்ட ஒருதடவ கையால வரைஞ்சு பாருங்க, மறக்கவே மறக்காது. 1845ல கையெழுத்தாகி 1847ல அமலுக்கு வந்த ஹாமர்டன் ஒப்பந்தம் ஆப்பிரிக்கக் கரைலருந்து அரேபியாவுக்கு ஏத்துமதி பண்றத நிறுத்துச்சு, ஆனா அதே ஆப்பிரிக்கக் கரைல இருக்கிற லாமு, கில்வா ஊர்களுக்கு நடுவுல மனுஷங்கள ஏத்தி இறக்குறது சட்டப்படியே தொடர்ந்துச்சு. அதனால தயவுசெஞ்சு "சயீத் அடிமை முறைய ஒழிச்சார்"னு எழுதாதீங்க. சான்சிபார் கிராம்புத் தோட்டம் மொத்தமும் அந்த அடிமைகளோட உழைப்புலதான் வளர்ந்துச்சு, அந்தத் தோட்டங்கள்ல அவருக்கே பெரிய பங்கு, அதே சமயம் பிரிட்டிஷ் ஆதரவும் அவருக்கு வேணும், அதனாலதான் கொஞ்சம் கொஞ்சமா விட்டுக் கொடுத்தார். இந்தக் காரணத்துக்குத்தான் மார்க்கே, இதுக்கு இடம் அதிகமா ஒதுக்குங்க.

1856ல அவர் கடல்ல இறந்ததும் மஸ்கட் ஒரு மகன் துவைனிக்கு, சான்சிபார் இன்னொரு மகன் மஜீதுக்கு, அவங்க சண்டை 1861ல இந்திய வைஸ்ராய் கேனிங் கொடுத்த தீர்ப்புல முடிஞ்சது, இதெல்லாம் ஒரு பத்தில போதும். சான்சிபார் அடிமைச் சந்தைய மூடினது 1873ல சயீதோட இன்னொரு மகன் பர்காஷ், அங்க அடிமை முறைக்கு இருந்த சட்ட அங்கீகாரம் போனது 1897ல. இந்த ரெண்டு வருஷத்தயும் தனித்தனி வரில எழுதுங்க.