உக்காந்தா 96, நடந்தா 90: அப்பாவோட நுரையீரல் அழற்சிய கண்டுபிடிச்ச கதை

அப்பாவுக்கு நுரையீரல் கேன்சர், மூணு வாரத்துக்கு ஒரு தடவ பெம்ப்ரோலிசுமாப்ங்கற இம்யூனோதெரபி மருந்து (கேன்சர அடிக்க உடம்போட எதிர்ப்பு சக்திய தூண்டிவிடற மருந்து) ஏத்திக்கிட்டு இருந்தாங்க. நாலாவது டோஸ் முடிஞ்சு ஒரு வாரத்துல வறட்டு இருமல் ஆரம்பிச்சுது. சளி இல்ல, காய்ச்சல் இல்ல, சாதாரண இருமல்தானேன்னு சிரப் கொடுத்துட்டு நாலு நாள் விட்டுட்டோம், அந்த நாலு நாள இப்ப நெனச்சாலும் வயித்த கலக்குது.

அஞ்சாவது நாள் குளிச்சிட்டு வந்து சட்ட பட்டன் போட்டுக்கிட்டு இருந்தவரு பாதியில விட்டுட்டு கட்டில்ல உக்காந்துட்டாரு. கேட்டா "லேசா மூச்சு வாங்குதும்மா, வேற ஒண்ணுமில்ல"ங்கறாரு. ஆக்சிமீட்டர் மாட்டினா ரத்தத்துல ஆக்சிஜன் 96 சதவீதம். அப்பாடான்னு இருந்துச்சு, ஆனா ட்ரீட்மெண்ட் ஆரம்பிக்கறப்ப ஒரு நர்ஸ் சொன்னது ஞாபகம் வந்துச்சு, உக்கார வச்சு மட்டும் பாக்காதீங்க, நடக்க விட்டும் பாருங்கன்னு. மெஷின கழட்டாமலே ஹால்ல மெதுவா நடக்க வச்சேன். 94, 92, அப்புறம் 90. உடனே கெளம்பிட்டோம்.

எக்ஸ்ரேல பெருசா ஒண்ணும் தெரியல. டூட்டி டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதி அனுப்பப் பாத்தாரு, இவரு இம்யூனோதெரபில இருக்காரு சார், கேன்சர் டாக்டர்கிட்ட ஒரு வார்த்த பேசிடுங்கன்னு விடாம கேட்டேன். அதுக்கப்புறம்தான் சிடி ஸ்கேன் எடுத்தாங்க, ரெண்டு பக்கமும் ஆவி படிஞ்ச கண்ணாடி மாதிரி திட்டுத் திட்டா இருந்துச்சு. நிமோனைட்டிஸ், அதாவது நுரையீரல் அழற்சி, கிரேடு 2 (நடுத்தர அளவு). கேன்சர அடிக்க தூண்டிவிட்ட எதிர்ப்பு சக்தி நல்ல நுரையீரலையும் சேத்து அடிக்குதுன்னு டாக்டர் சொன்னாரு. கிருமித் தொற்றும் இதே மாதிரிதான் தெரியுமாம், அதனால சளி, ரத்தம் எல்லாம் டெஸ்ட் பண்ணிட்டுதான் முடிவுக்கு வந்தாங்க. (நெஞ்சுல ரேடியேஷன் எடுத்தவங்களுக்கும் இந்த அழற்சி வரலாம், முடிஞ்சு ரெண்டு மூணு மாசம் கழிச்சு கூட வரும், அதனால பழைய ட்ரீட்மெண்ட்தானேன்னு டாக்டர்கிட்ட சொல்லாம இருந்துடாதீங்க.)

அஞ்சாவது டோஸ நிறுத்திட்டாங்க. ப்ரெட்னிசோலோன்ங்கற ஸ்டீராய்டு மாத்திர கிலோவுக்கு 1 மி.கி., அப்பா 60 கிலோ, அதனால தெனம் 60. மூணாவது நாளே இருமல் பாதியா கொறஞ்சுது. ஆனா ஸ்டீராய்ட சட்டுனு நிறுத்தக் கூடாது, வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாதான் கொறைக்கணும். சுகர் ஏறிச்சு, ராத்திரி தூக்கமே இல்ல, தொற்று வராம இருக்க தனியா ஒரு மாத்திர வேற. ஸ்டீராய்டு 10 மி.கி.க்கு வந்தப்ப இருமல் திரும்ப எட்டிப் பாத்துச்சு, போன்ல சொன்னதும் டோஸ ஏத்தி, இன்னும் மெதுவா கொறைச்சாங்க.

இப்பவும் தெனம் காலைல நோட்டுல ரெண்டு நம்பர் எழுதறோம், உக்காந்து ஒண்ணு, நடந்து ஒண்ணு. இன்னைக்கு 97, 95. மறுபடி பெம்ப்ரோ போடலாமான்னு அடுத்த வாரம் சிடி பாத்துட்டு சொல்றோம்னிருக்காங்க.