பதினைந்து யென் ஐம்பது சென்

டோக்கியோ, 2023

ஆகஸ்ட் 27, ஞாயிறு

யாஹிரோ ஸ்டேஷனில் இறங்கி அரகாவா ஆற்றங்கரை வரை நடந்தேன். செம வெயில். இதே ஆறு கடலில் சேரும் பக்கம், நிஷி-கசாயில், ஆறு வருஷமாக இருக்கிறேன், இங்கே வந்ததில்லை. கரைக்குக் கீழே, வீடுகளுக்கு நடுவே ஒரு சின்ன நினைவுக்கல். 1923 நிலநடுக்கத்தை அடுத்து இங்கிருந்த பழைய பாலத்தருகே கொல்லப்பட்ட கொரியர்களுக்காக 2009-இல் வைத்தார்கள். பராமரிக்கும் அமைப்பின் பெயர் ஹோசென்கா. அகராதியில் தேடினால், நம்ம காசித்தும்பை!

ஆகஸ்ட் 30, புதன்

அந்தக் கொலைகளை உறுதிப்படுத்தும் ஆவணம் அரசிடம் இல்லை என்று அமைச்சரவைத் தலைமைச் செயலர் மட்சுனோ இன்று சொன்னார். சரி.

நிலம் ஆடியது செப்டம்பர் 1, பகல் 11.58. அடுப்பெரியும் நேரம். ஒரு லட்சத்துக்கு மேல் சாவு, பெரும்பாலும் தீயில். மறுநாளே ராணுவச் சட்டம். கொரியர்கள் கிணற்றில் விஷம் போடுகிறார்கள் என்ற பேச்சு அதற்குள் பரவிவிட்டது. வீதிப்பேச்சுதானே என்று விடவும் முடியாது. 3-ஆம் தேதி ஃபுனபாஷி கடற்படைத் தந்தி நிலையத்திலிருந்து மாகாண ஆளுநர்களுக்கு உள்துறை அனுப்பிய தந்தியே, கொரியர்கள் வெடிகுண்டு வைத்திருக்கிறார்கள், தீ வைக்கிறார்கள் என்கிறது. புரளிக்குச் சர்க்கார் முத்திரை! மூங்கில் ஈட்டியும் வாளுமாகத் தெருவுக்குத் தெரு ஊரார் திரட்டிய காவல்படை. ராணுவமும் போலீஸும்கூடக் கொன்றன. செத்தவர்கள் 6,000-க்கு மேல் என்பது கொரியர் தரப்புக் கணக்கு. அன்றைய அரசு ஒப்புக்கொண்டது இருநூற்றுச் சொச்சம்.

அந்தத் தந்தியின் பிரதி இவர்களுடைய பாதுகாப்புத் துறைக் காப்பகத்திலேயே இருக்கிறது.

செப்டம்பர் 1, வெள்ளி

ஆபீசில் பேரிடர் ஒத்திகை. ஹெல்மெட் மாட்டி மேஜைக்கடியில் உட்கார்ந்தோம். சாயங்காலம் யோகோஅமிச்சோ பூங்கா. கொரியர் நினைவுக்கல்லில் காலையில் வைத்த பூக்கள் வாடிக் கிடந்தன. ஆளுநர் கொய்கே 2017-லிருந்து இங்கே அஞ்சலிச் செய்தி அனுப்புவதில்லை. இறந்த எல்லோருக்கும் சேர்த்துத்தான் அஞ்சலியாம். தீயில் செத்தவனும் ஈட்டியில் செத்தவனும் ஒன்றா?

செப்டம்பர் 3, ஞாயிறு

1923-இல் அந்தக் காவல்படைகள் கொரியரா என்று பார்க்க வழியில் ஆளை நிறுத்தி, 'ஜூகோ என் கோஜிஸ்ஸென்' சொல்லச் சொல்வார்களாம். பதினைந்து யென் ஐம்பது சென். கொரிய நாக்கில் முதல் ஜ, ச்ச ஆகிவிடும். 'தங்க'த்தில் வரும் க, 'கல்'லில் வரும் க ஆகிவிடும். அவ்வளவுதான், தீர்ந்தது. 6-ஆம் தேதி சிபாவின் ஃபுகுதா கிராமத்தில், ககாவாவிலிருந்து மருந்து விற்க வந்த ஜப்பானியர்களையே, பேச்சு வழக்கு வேறாக இருந்ததால் சந்தேகப்பட்டு, ஒன்பது பேரைக் கொன்றார்கள். குழந்தைகளும் உண்டு.

தமிழில் எழுதிப் பார்த்தால் அந்த வித்தியாசமே தெரிவதில்லை. சத்தமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கேயே வளரும் மகள், எட்டு வயசு, வீட்டுப்பாடத்திலிருந்து தலையைத் தூக்கிச் சிரித்தாள்.

"'கோ' இல்லப்பா, 'கோ'!"