முக்கூடலில் சர்வே எடுக்கப் போன கதை

டிகிரி முடித்துவிட்டு வீட்டில் இருந்த எனக்கு 2021 தொடக்கத்தில் தேசிய குடும்ப நல ஆய்வில் தற்காலிக வேலை கிடைத்தது. பலரும் இதை சென்சஸ் என்றுதான் நினைத்தார்கள். சென்சஸில் ஒரு வீடு விடாமல் எண்ணுவார்கள், அதற்குப் பெரும்பாலும் பள்ளி ஆசிரியர்கள்தான் போவார்கள். எங்களுக்கு ஒரு பகுதிக்கு 22 வீடுகள்தான், ஆனால் அங்கே 15 முதல் 49 வயதுப் பெண்களைத் தனியாக உட்காரவைத்துப் பொறுமையாகக் கேட்க வேண்டும், பதிலை எல்லாம் கையோடு கொண்டுபோன சின்ன கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும்.

திருநெல்வேலி மாவட்டத்து முக்கூடலில் ஒரு அக்கா மடியில் சுளகை (முறத்தை) வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். "உள்ள வா பிள்ள, சுத்திக்கிட்டே சொல்லுதேன்" என்றார். போன ஏழு நாளில் வீட்டு வேலை தவிர வேறு வேலை பார்த்தீர்களா அக்கா என்று கேட்டேன். இலையை மடக்கி, நூலைச் சுற்றி, நுனியை நகத்தால் அழுத்தியபடியே, "நான் வீட்ல சும்மாதாம்மா இருக்கேன்" என்கிறார்!

நல்லவேளை, சும்மா என்று சொன்னால் அதோடு விடக்கூடாது, கூலிக்கோ சொந்தமாகவோ ஏதாவது செய்கிறீர்களா என்று அடுத்த கேள்வி இருக்கிறது. கேட்டேன். சுளகைப் பார்த்தார், "அப்ப இதுவும் வேலைதானா?" என்றார். ஆமாம் என்று பதிந்தேன். சம்பளம் தாமதமாகத்தான் வந்தது, அது எனக்கு வருத்தம்தான். ஆனாலும் மறுபடி கூப்பிட்டால் கண்டிப்பாகப் போவேன்.