தோஹா நாட்குறிப்பு: எத்தனை முங்கு?

7 நவம்பர், வெள்ளி

சாயங்காலம் கார்னிஷில், அதாவது கடற்கரைச் சாலையில், நடை. எதிரே இஸ்லாமியக் கலை அருங்காட்சியகம், கற்கண்டுக் கட்டிகளை அடுக்கியதுபோல. 2008-ல் திறந்தார்கள். வடிவமைத்தவர் சீனாவில் பிறந்த அமெரிக்கர் ஐ.எம். பெய். எண்பதைத் தாண்டிய வயதில், இஸ்லாமியக் கட்டடக்கலையின் சாரத்தைத் தேடி ஊர் ஊராகப் போயிருக்கிறார். அது கிடைத்த இடம் கெய்ரோ, இப்னு துலூன் பள்ளிவாசல் முற்றத்திலுள்ள, தொழுகைக்கு முன் கைகால் கழுவும் ஒளு மண்டபம். கரையில் காட்டிய மனைகள் வேண்டாம், நாளைக்கு எவனாவது பக்கத்தில் உயரமாகக் கட்டி மறைப்பான் என்று, கடலைத் தூர்த்துத் தனித் தீவு கேட்டு வாங்கினார். ஆக, எகிப்து வடிவம், பிரான்ஸ் சுண்ணாம்புக்கல், தூர்த்த தரை. இதில் கத்தார் எங்கே? அந்தி வெயில் அதன்மேல் விழும்போது அந்தக் கேள்வி மறந்துபோகிறது, அது வேறு விஷயம்.

8 நவம்பர், சனி

சூக் வாகிஃபில் கரக் சாயா. ஊரிலிருந்து வருபவர்களைப் 'பழைய சந்தை' என்று இங்கேதான் கூட்டிவருவேன். 2000-களில் புதுக் கட்டடங்களை அகற்றி, மண் பூசி, மரக்கட்டைகளை நீட்டிப் பழசாக்கியது என்று தெரிந்த பிறகும் கூட்டிவருகிறேன்.

14 நவம்பர், வெள்ளி

கீழக்கரைத் தம்பி ஒருவனோடு தேசிய அருங்காட்சியகம். பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ழான் நுவெல் வடிவமைத்தது, 2019. பாலைவன ரோஜா வடிவம். (நர்சரியில் விற்கும் அடினியம் இல்லை, மணலும் ஜிப்சமும் தட்டுத்தட்டாக உறைந்து பூப்போல ஆவது.) உள்ளே சுவரும் சாய்வு, தரையும் சாய்வு. ஒன்றரை கிலோமீட்டர் நடை. கூடாரம், முத்து, எண்ணெய், எரிவாயு என்று போகும் கதை, கடைசியில் முன்னாள் ஆட்சியாளர் ஷேக் அப்துல்லா பின் ஜாசிமின் பழைய அரண்மனையில் கொண்டுவிடுகிறது. யாருடைய கதை என்று சந்தேகமே வராது. சரி, அபுதாபியில் பாரிஸ் அருங்காட்சியகமான லூவ்ரின் பெயரையே 30 வருஷத்துக்கு 40 கோடி யூரோ கொடுத்து வாங்கினார்கள். இங்கே பெயராவது சொந்தம்.

அப்புறம் பரோடா முத்துக் கம்பளம். 1860-களில் கெய்க்வாட் மகாராஜா செய்வித்தது. சுமார் 15 லட்சம் முத்து, வளைகுடா முத்து. இங்கிருந்து பரோடா போன முத்துகள், 2009-ல் இதே தோஹாவில் கம்பளமாக ஏலத்துக்கு வந்தன. தம்பியின் தாத்தா சங்கு குளித்தவர். கண்ணாடியை ஒட்டி ரொம்ப நேரம் நின்றான்.

"எத்தனை முங்குண்ணே இருக்கும் இது?"

15 நவம்பர், சனி

அந்தக் கேள்வி தூங்கவிடவில்லை. தோஹாவின் முஷைரிப் பகுதிக்குப் போனேன். பின் ஜல்மூத் இல்லம்: வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண முற்றத்து வீடு. அடிமை வியாபாரி ஒருவரின் வீடாக இருந்தது. 2015-லிருந்து அடிமைமுறை பற்றிய அருங்காட்சியகம். முத்துக்குளிக்கப் படகேறியவர்களில் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவந்த அடிமைகளும் உண்டு. எண்ணெய் வந்ததும் அதிலும் வேலைக்கு அனுப்பினார்கள். சம்பளத்தில் எஜமானுக்குப் பங்கு. கத்தாரில் அடிமைமுறை ஒழிந்தது 1952-ல்தான். முத்துக் கம்பளத்துக்குப் பக்கத்தில் இருக்கவேண்டிய அறை, நகரத்தின் இன்னொரு மூலையில் இருக்கிறது. ஆனாலும் இருக்கிறது, அதை மூடி மறைக்கவில்லை.

கூட்டம் இல்லை. மொத்தம் ஆறு பேர்.

தம்பிக்கு வாய்ஸ் அனுப்பினேன். நாளை டூட்டியாம். அடுத்த வெள்ளி வருகிறானாம்.