இருவராகக் குடிபெயர்தல்

வேறொரு நாட்டுக்குக் குடிபெயரும் தம்பதியரில் ஒருவரை முதன்மை விண்ணப்பதாரர் என்றும் மற்றவரைச் சார்ந்திருப்பவர் என்றும் பெரும்பாலான நாடுகளின் விசாப் படிவங்கள் பிரித்துவிடுகின்றன. எங்களில் வேலை எனக்குக் கிடைத்தது. ஆகவே பல ஆண்டுகள் பள்ளியில் இயற்பியல் கற்பித்த என் கணவர் டிபென்டென்ட் விசாவில் வந்தார். அந்தப் பிரிவினை படிவத்தோடு நின்றுவிடாமல் வீட்டுக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொள்ளக்கூடும் என்ற அச்சம் எங்கள் இருவருக்குமே இருந்தது. அதனால் ஆவணங்களில் தொடங்கி வாடகை ஒப்பந்தம் வரை, ஒவ்வொரு கட்டத்திலும் இது இருவருடைய பயணமாகவே இருக்கும்படி பார்த்துக்கொள்வது என்று புறப்படுவதற்கு வெகுநாள் முன்பே பேசி முடிவெடுத்தோம்.

விமானப் பயணத்தைத்தான் எல்லோரும் நீண்ட பயணம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் ஆவணங்களைத் திரட்டும் மாதங்களே மிக நீண்டவை. அவருடைய விசா முழுவதும் எங்கள் திருமணச் சான்றிதழைச் சார்ந்திருந்தது; அந்தச் சான்றிதழ் மற்றொரு நாட்டில் செல்லுபடியாக வேண்டுமானால் அதற்கு அப்போஸ்டில் முத்திரை தேவை. 1961 அக்டோபர் 5-இல் ஹேக் நகரில் உருவான உடன்படிக்கையின்படி, அதில் சேர்ந்துள்ள 120-க்கும் மேற்பட்ட நாடுகள், ஒன்று மற்றொன்றின் அரசு ஆவணங்களைத் தூதரகச் சான்றொப்பம் கேட்காமல் இந்த ஒரே முத்திரையோடு ஏற்றுக்கொள்கின்றன. சீனாவில் 2023 நவம்பரிலும் கனடாவில் 2024 சனவரியிலும்தான் இது நடைமுறைக்கு வந்தது என்பதால், பழைய அனுபவத்தைக் கொண்டு ஆலோசனை சொல்பவர்களின் தகவலை ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது. ஆவணத்தில் உள்ள கையெழுத்தும் முத்திரையும் உரிய அதிகாரியுடையவை என்பதற்கு மட்டுமே அப்போஸ்டில் சான்றளிக்கிறது. உள்ளே எழுதியிருப்பது சரியா என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. எனவே பெயரின் எழுத்துகள் கடவுச்சீட்டிலும் சான்றிதழ்களிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்பதை முத்திரை பெறுவதற்கு முன்பே நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆவணங்களை அவை காலாவதியாகும் வரிசையைக் கருதித் திரட்டுமாறு யோசனை சொன்னவர் என் கணவர்தான். பட்டச் சான்றிதழுக்குக் காலக்கெடு இல்லை. காவல்துறை நன்னடத்தைச் சான்றுக்கும் மருத்துவப் பரிசோதனைக்கும் சில மாதங்களே ஆயுள். மொழித் தேர்வு மதிப்பெண்களுக்கு வழக்கமாக 2 ஆண்டுகள். சீக்கிரம் காலாவதியாகும் ஆவணத்தை முதலில் வாங்கி வைத்துவிட்டு மற்றவற்றுக்காகக் காத்திருந்தால் அதையே மீண்டும் வாங்க நேரிடும். இந்த வரிசையில் என்னுடைய வேலைக்கான ஆவணங்களோடு அவருடைய ஆசிரியர் பதிவுக்கானவற்றையும் சேர்த்தே பட்டியலிட்டோம். பல்கலைக்கழகம் மதிப்பெண் விவரத்தை மூடி முத்திரையிட்ட உறையில் தானே நேரடியாக அனுப்ப வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகளை ஊரை விட்டு வந்த பின் தொலைவிலிருந்து நிறைவேற்றுவது மிகவும் கடினம். சார்ந்து வருபவரின் தொழில் ஆவணங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடும் தம்பதியர் பலரை அறிவேன். அந்தப் 'பிறகு' பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் நீண்டுவிடுகிறது என்பதால் இதை இவ்வளவு வலியுறுத்திச் சொல்கிறேன்.

பொருள்களை அனுப்புவதிலும் அதே கொள்கைதான். 20 அடி கன்டெய்னரின் உள்ளளவு ஏறத்தாழ 33 கன மீட்டர். எங்களுக்கு அவ்வளவு தேவைப்படாததால், பலருடைய சரக்குகளோடு சேர்த்து ஏற்றும் எல்சிஎல் முறையைத் தேர்ந்தெடுத்தோம். அதில் நாம் பயன்படுத்தும் கன அளவுக்கே கட்டணம். எங்கள் பங்காகக் கிடைத்த இடத்தை இருவருக்கும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டு, அவரவர் பாதியில் எதை ஏற்றுவது என்பதில் மற்றவர் தலையிடுவதில்லை என்று ஏற்றுக்கொண்டோம். அவர் தம்முடைய தொலைநோக்கியையும் பாடப் புத்தகங்களையும் தேர்ந்தெடுத்தார். தொலைநோக்கிக்கு மரப்பெட்டி செய்ய வேண்டியிருந்தபோதுதான் ஐஎஸ்பிஎம் 15 என்ற சர்வதேச விதியைப் பற்றி விரிவாகப் படித்தோம். மரத்துக்குள் இருக்கும் பூச்சிகள் நாடு விட்டு நாடு பரவாமல் இருக்க, பொதியிடப் பயன்படும் பதப்படுத்தாத மரத்தை அதன் மையப் பகுதி 56 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் தொடர்ந்து 30 நிமிடங்கள் இருக்கும்படி சூடாக்கியோ வேறு ஏற்கப்பட்ட முறையில் பூச்சி நீக்கியோ, அதற்கான முத்திரையைப் பதிக்க வேண்டும் என்பது அந்த விதி. ஒட்டுப்பலகைக்கு இந்த நிபந்தனை இல்லை என்று அறிந்து அதிலேயே பெட்டியைச் செய்தோம்.

கடல்வழி அனுப்புவோர் காப்பீட்டைத் தவிர்க்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பெட்டி உடைவது மட்டுமே இதற்குக் காரணமில்லை. கப்பலையும் சரக்கையும் ஆபத்திலிருந்து மீட்க ஏற்படும் செலவை, தம் பொருளுக்கு எந்தச் சேதமும் நேராத சரக்கு உரிமையாளர்களும் பங்கிட்டுச் செலுத்த வேண்டும் என்ற பழமையான கடல்சார் நெறி இன்றும் நடைமுறையில் இருக்கிறது. 2021 மார்ச்சில் எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயில் சிக்கிக்கொண்டு மீட்கப்பட்ட பிறகும் இந்த நெறியின்படியே சரக்கு உரிமையாளர்களிடம் பங்கு கோரப்பட்டது. மேலும், நாமே கட்டிய பெட்டிகளுக்குள் பொருள் உடைந்தால் பல காப்பீடுகள் ஈடு தருவதில்லை. உடையக்கூடியவற்றைப் பொதியிடும் வேலையை நிறுவனத்திடமே விட்டுவிடுவது மேல்.

விமானப் பயணத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மூல ஆவணங்கள், மருந்துச் சீட்டோடு மருந்துகள், உதிரி லித்தியம் பேட்டரிகள் ஆகியவை கைப்பையில்தான் இருக்க வேண்டும். கிழக்கு நோக்கிப் பறந்ததால் உறக்கம் சீராகக் கூடுதல் நாள்கள் பிடித்தன. மனித உடலின் இயல்பான நாள் சுழற்சி 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளமாக இருப்பதால், நாளைச் சுருக்கும் கிழக்குத் திசைப் பயணம் மேற்குத் திசைப் பயணத்தைவிட உடலை அதிகம் வருத்துகிறது.

வந்திறங்கிய பின் வங்கிக் கணக்கு தொடங்க முகவரிச் சான்று கேட்டார்கள். வீடு வாடகைக்கு எடுக்க வங்கிக் கணக்கைக் கேட்டார்கள். சொந்த நாட்டில் நாம் கடனைத் தவறாமல் அடைத்த வரலாறு பொதுவாக எல்லையைக் கடந்து நம்மோடு வருவதில்லை. என் பணி நியமனக் கடிதத்தைக் காட்டி இந்தச் சுற்றிலிருந்து வெளியே வந்தோம் என்றாலும், வாடகை ஒப்பந்தத்தில் இருவர் பெயரையும் எழுத வேண்டும் என்று வற்புறுத்திக் கேட்டோம். மின் கட்டணத்தை என் பெயரிலும் இணையக் கட்டணத்தை அவர் பெயரிலும் பதிவு செய்தோம். இது சிறு விஷயமாகத் தோன்றலாம். ஆனால் ஒரு கட்டண ரசீதுகூடத் தம் பெயரில் இல்லாதவருக்கு நூலக அட்டை பெறுவதற்கும் துணையின் கையெழுத்து தேவைப்படும் நிலை வரலாம். வளர்ந்த மனிதர் ஒருவர் அந்த நிலையில் நாள்தோறும் வாழ்வது எவ்வளவு மனச்சோர்வு தரும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மானுடவியலாளர் கலெர்வோ ஓபெர்க் 1960-இல் வெளியிட்ட கட்டுரையில், புதிய பண்பாட்டுக்குள் நுழைபவர் தொடக்க மகிழ்ச்சி, பின்னர் வரும் கடும் மனத்தடுமாற்றம், படிப்படியான மீட்சி, இறுதியில் இசைவு என்ற நிலைகளைக் கடப்பதாக விவரித்தார். இந்த நிலைகள் கணவன் மனைவி இருவருக்கும் ஒரே நேரத்தில் வருவதில்லை என்பதே நான் கண்ட பெரிய சிரமம். எனக்குக் காலையில் செல்ல ஓர் அலுவலகமும், என்னைப் பெயர் சொல்லி அழைக்கச் சக ஊழியர்களும் இருந்தார்கள். அவருக்கு நீண்ட பகல்பொழுது இருந்தது. அரசு அலுவலகம், வங்கி, பழுது பார்ப்பவர் என்று குடியமர்வதற்கான வேலை அனைத்தும் அவர் மீது விழுந்தது, அத்தனையும் செய்து முடித்த பிறகும், மாலையில் "இன்று என்ன செய்தீர்கள்?" என்று நான் இயல்பாகக் கேட்டால், சொல்லும்படி எதுவும் இல்லையே என்று அவர் வருந்தினார். நான் வேலையில் காலூன்றி மகிழ்ந்த வாரங்களும் அவர் மிகவும் தளர்ந்த வாரங்களும் ஒன்றாகவே அமைந்தன. என் மகிழ்ச்சியை மறைத்துக்கொள்வதும் நேர்மையாகத் தோன்றவில்லை. அவர் தளர்ச்சியை விரைவில் சரிசெய்துவிட வேண்டும் என்று அவசரப்படுவதும் உதவவில்லை. குடியமர்த்தும் வேலையை ஒரு வேலையாகவே கருதி வாரந்தோறும் அதை இருவருக்கும் பிரித்துக்கொண்டோம். ஊர் திரும்புவது பற்றி முதல் ஆண்டு முடியும் வரை முடிவெடுப்பதில்லை என்றும், அந்த நாள் வந்தால் அவருடைய வாக்கும் என்னுடையதும் சம எடை உடையவை என்றும் ஒப்புக்கொண்டோம்.

முதல் ஆண்டு முடிந்ததும் உட்கார்ந்து பேசினோம். இருக்கலாம் என்று இருவருமே சொன்னோம். அவருடைய ஆசிரியர் பதிவு ஏற்கப்பட்டு, இப்போது ஒரு பள்ளியில் பகுதி நேரமாக இயற்பியல் கற்பிக்கிறார். வாடகை ஒப்பந்தம் முடியும் தறுவாயில் இருப்பதால் வேறு வீடு பார்க்கத் தொடங்கியிருக்கிறோம். இந்த முறை தொலைவை அவருடைய பள்ளியிலிருந்து அளந்து பார்க்கிறோம், என் அலுவலகத்துக்கு நான் இரயிலில் செல்வதாக இருக்கிறேன்.